எதிர்த்து விலை கேட்டவன்

என் கணவர் பினாங்கு ஜோர்ஜ் டவுனில் ஒரு நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர். முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் செக்யூரிட்டி கம்பெனி அவரை உடனே எடுத்துக்கொண்டது. துப்பாக்கி கம்பெனியுடையது. காலையில் கையெழுத்துப் போட்டு வாங்குவார், கடை அடைத்ததும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். பம்ப் கன் என்பார்கள். சுடுவதற்கு முன்னால் குழலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேண்டும். அப்போதுதான் தோட்டா மேலே ஏறும். பழைய துப்பாக்கி. எத்தனை பேர் கை மாறி அவரிடம் வந்ததோ தெரியாது. கட்டையில் ஓரிடம் தேய்ந்து வெளுத்திருக்கும், தன் கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்காரும் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாலு பேர் கடைக்குள் புகுந்தார்கள். கையில் பாராங் கத்தியும் சுத்தியலும். இவர் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்து விசையை அழுத்தியிருக்கிறார். சுடவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறார். அதற்குள் ஒருவன் கண்ணாடி மேசையைச் சுத்தியலால் அடித்தான். கண்ணாடிமேல் விற்பனைப் பெண்ணின் கை இருந்தது. சங்கிலித் தட்டை உள்ளே இழுக்கப் பார்த்திருக்கிறாள். ஒரு அடி கண்ணாடிமேல் விழுந்தது, மற்றது கைமேல் விழுந்தது.

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். இவரை அண்ணே அண்ணே என்பாள். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து முறுக்குப் பிழிந்து கொடுத்திருக்கிறாள். அவளுடைய வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவில்லை.

போலீஸ் துப்பாக்கியை எடுத்துப்போய்ச் சோதித்தது. ஒழுங்காகச் சுட்டதாம். காவலாளி பதற்றத்தில் கைப்பிடியை முழுசாக இழுக்கவில்லை என்று கம்பெனி முடிவு கட்டி இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"இழுத்தேன்மா. சத்தம் கேட்டுச்சு. கை மறக்குமா?" என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். ஆனால் எனக்குப் பதில் சொன்ன பிறகும் அவர் அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். சாப்பிடும்போது இடது கை மேசைக்கடியில் பின்னும் முன்னும் போய்வரும். நான் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் பதிமூன்றாவது மாடி. பிள்ளைகள் இல்லை. நான் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்பிங் பிரிவில் வேலை செய்கிறேன். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். நான் திரும்பும்வரை அவர் தனியாகத்தான் இருப்பார். கையில் கைப்பேசி இருந்தது. அப்படித்தான் அந்த ஏலத் தளத்தைக் கண்டுபிடித்தார்.

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம். நம் நாட்டில் வாங்க முடியாது, வைத்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். அவர் வாங்கப் போகவில்லை, பார்க்கத்தான் போனார். தன் கையில் இருந்த அதே மாடல் அங்கே கிடைத்தது. ஒன்றல்ல, பக்கம் பக்கமாக. மூடியைத் திறந்து, உள்ளே தோட்டாவைத் தூக்கிவிடும் சின்னத் தகடுவரைக்கும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அவருக்கு மலாய் நன்றாக வரும். இங்கிலீஷ் தடுமாறும். நான் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்ததும் கைப்பேசியை என்முன் நீட்டுவார். "இது என்ன போட்டிருக்கான், படி."

முதலில் விலைகளைப் பார்த்து இருவருமே வாய்பிளந்தோம். புதிதாகக் கடையில் வாங்கினால் ஆவதைவிட, நாற்பது வருஷத்துப் பழைய துப்பாக்கி இரண்டு பங்கு விலைக்குப் போனது. இந்த மாடல் இனி வராது, அபூர்வம், ஒரே வீட்டில் இருந்தது என்று விற்பவன் ஒரு வரி எழுதுவான், விலை ஏறும். கடைசி நிமிஷத்தில் யாராவது விலை கேட்டால் ஏலம் முடியாமல் இன்னும் நீளும், மறுபடி ஏறும். வாங்கியவர்கள் பின்னால் வந்து எழுதியிருந்ததுதான் அவருக்கு முக்கியமாகிவிட்டது. படத்தில் பளபளவென்று இருந்தது, வந்து பார்த்தால் குழலுக்குள் துரு என்று ஒருவர். கட்டை விரிசலைப் படத்தில் மறைத்துவிட்டான், திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான் என்று இன்னொருவர். ஆவேசத்தில் விலையை ஏற்றிவிட்டேன், வீட்டில் சொல்ல முடியவில்லை என்று ஒரு வயதானவர்.

ஒரு நாள் இதைப் படித்தேன்: "மூன்றாவது தோட்டாவில் சிக்கிக்கொண்டது. கைப்பிடியை முழுசாக இழுத்தும் தோட்டா ஏறவில்லை. தகடு தேய்ந்திருக்கிறது."

"மறுபடி படி," என்றார்.

படித்தேன்.

"முழுசா இழுத்தும்னு போட்டிருக்கா?"

"ஆமாங்க."

அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அதன் பிறகு எங்களுக்கு அது பழக்கமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஆண்கள் தங்கள் துப்பாக்கி சிக்கிக்கொண்டதைப் பற்றிப் புலம்பியதை நான் தமிழில் சொல்வேன், அவர் தலையாட்டிக் கேட்பார். அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது, அதனால் நான் நிறுத்தவில்லை.

பிறகு அந்தப் பொருள் ஏலத்துக்கு வந்தது. அதே மாடல், ஆனால் சுடாது. பயிற்சிக்காகப் பக்கவாட்டில் அறுத்துத் திறந்தது. கைப்பிடியை இழுத்தால் உள்ளே எது எங்கே நகர்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். உலகத்தில் எங்கும் அனுப்புவேன் என்று விற்பவன் எழுதியிருந்தான்.

"இது கன் இல்லமா. வெறும் கூடு," என்றார்.

"கூடா இருந்தாலும் இங்க பிடிப்பாங்க. பெர்மிட் இல்லாம பொம்மைத் துப்பாக்கிகூட உள்ள வர முடியாதுங்க. நான் தினமும் பாக்குறேன்."

"சும்மா பாத்தேன் லா."

அந்தச் சனிக்கிழமை காலை நான் ஜெலுத்தோங் பாசாருக்குப் போய் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். சார்ஜர் வயர் குட்டை என்பதால் கைப்பேசியை அங்கே வைத்துத்தான் பார்க்க முடியும். மின்விசிறியைப் போடக்கூட மறந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒருத்தன் விடமாட்டேங்கிறான்."

குனிந்து பார்த்தேன். முந்தின இரவு முந்நூறு டாலரில் இருந்தது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இவர் ஏற்றினால் அந்த ஆள் உடனே ஐம்பது ஏற்றுகிறான். கடிகாரம் முடியப்போகும் நேரத்தில் மறுபடி நீள்கிறது. இவர் சேமநிதியில் மிச்சம் வைத்திருந்த பணம் அது.

"விட்டுடுங்க. அவனே எடுத்துக்கட்டும்."

"இல்லமா, யோசிச்சுப் பாரு. சுடாத கன். அறுத்துப் போட்டது. இதுக்கு யாரு இவ்வளவு கொடுப்பா? அவனுக்கும் ஏதோ நடந்திருக்கு. அவனும் உள்ள என்ன ஆச்சுன்னு பாக்கணும்னு நினைக்கிறான்."

அவர் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் இல்லை. உலகத்தின் வேறு மூலையில் தன்னைப்போலவே இன்னொரு காவலாளி, தன் கை இழுத்ததா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி விலையை ஏற்றினார். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் அசையவில்லை. ஏலம் இவருக்கு விழுந்தது.

நான் மீனைக் கழுவப் போனேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்து நடந்ததை அவர் என்னிடம் மறைத்திருக்க மாட்டாரோ என்று பிறகு தோன்றியதுண்டு. இன்னும் ஆழமாக மறைத்திருப்பார் என்றும் தோன்றியதுண்டு.

விற்பவன் தளத்தின் வழியாகப் பணம் கட்டவேண்டாம், நேராக வங்கிக்கு அனுப்பு என்றானாம். அனுப்பினார். பிறகு பார்சல் கூலி என்றான். பிறகு ஏற்றுமதிப் பத்திரச் செலவு, கிடங்கு வாடகை என்றான். ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னத் தொகை. கொடுத்ததை நினைத்து இதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும் அளவு. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பார்சல் வருகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

கைப்பேசி அடித்தால் குளியலறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார். கேட்டால் பழைய ராணுவ நண்பன் என்றார். முகம் வற்றிப்போனது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல், "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு," என்றார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே, நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தார். கோயிலுக்குள் போகிறவர் வைப்பதுபோல. கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கூப்பிடவில்லை. பின்னால் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். பித்தான் தெறித்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்து, "வந்துட்டியா," என்றார்.

உள்ளே இழுத்துப்போய்க் கதவைப் பூட்டி, சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். சுங்க இலாகா அதிகாரி என்று ஒருவன் மலாயில் பேசினானாம். இவருடைய அடையாளக் கார்டு எண்ணைச் சரியாகச் சொன்னானாம். உன் பேரில் ஆயுதம் வந்திருக்கிறது, தூக்கில் போடும் குற்றம், குறைந்தபட்சம் பிரம்படி, கேசை மூட வேண்டுமானால் பணம் கட்டு, வீட்டில் யாரிடமாவது சொன்னால் அவர்களும் உள்ளே போவார்கள் என்றானாம். சேமநிதிப் பணம் முழுக்கப் போய்விட்டது. அன்று மத்தியானம் இன்னும் கேட்டிருக்கிறான். இவரிடம் இல்லை.

"நான் இல்லாட்டி கேஸ் இல்லதானே?" என்று என்னிடமே கேட்டார்.

நான் அழவில்லை. எனக்கு வந்தது வேறு. "பார்சல் நம்பர் கொடுத்தானா?" என்றேன். காட்டினார். என் வேலையே அந்த எண்களோடுதான். அப்படியொரு எண் எந்தப் பார்சலுக்கும் இருக்காது. எழுத்தும் எண்ணும் கலந்து யாரோ வாய்க்கு வந்தபடி அடித்தது. ஆனாலும் மறுநாள் அவரையும் ஆபீசுக்குக் கூட்டிப்போய், காவலாளி அறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, எங்களுக்குச் சுங்கத்திலிருந்து சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஏஜண்டிடம் கேட்டேன். அவர் தேடிப்பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் வரல அக்கா. யாரோ ஏமாத்துறான். போலீசுக்குப் போங்க," என்றார்.

"போலீசுக்குப் போனா என்னைத்தான் பிடிப்பாங்க," என்றார் கணவர், நான் வந்து சொன்னதும்.

"பிடிச்சா பிடிக்கட்டும். நீங்க உயிரோட உள்ள இருங்க, நான் வந்து பாக்குறேன்."

போலீஸ் பாலாயில் ஒரு மலாய்ப் பெண் இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரச் சொன்னார். இவர் ராணுவத்தில் அறிக்கை கொடுப்பதுபோல முதுகை நிமிர்த்தி, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு மலாயில், பெரியவரை அழைக்கும் மரியாதையோடு சொன்னார்: "பாக்சிக், இது நிஜமாகவே வந்திருந்தால் நானே உங்களைப் பிடித்திருப்பேன். வராததற்குச் சந்தோஷப்படுங்கள். இப்படியொரு துப்பாக்கியே இல்லை. படம் வேறு எங்கிருந்தோ திருடியது. விற்றவன், சுங்க அதிகாரி என்று பேசியவன், எல்லாம் ஒரே கூட்டம்."

இவர் தலையாட்டினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்படியென்றால் எனக்கு எதிராக விலை கேட்டவன் யார்?" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் இவருடைய கைப்பேசியை வாங்கி, அந்த ஆளின் கணக்கைத் தட்டித் திருப்பிக் காட்டினார். அவன் விலை கேட்டதெல்லாம் இந்த ஒரு விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும்தான். எதையும் ஒரு தடவைகூட வாங்கியதில்லை.

"அதுவும் அவர்கள்தான், பாக்சிக். விலையை ஏற்றுவதற்கு அவர்களே கேட்பார்கள்."

"யாருமே இல்லையா?"

"யாரும் இல்லை."

அவர் முகம் அப்போது போன போக்கை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வேலை போனபோதும், பணம் போனபோதும் அப்படிப் போகவில்லை. நெருங்கிய ஒருவர் செத்த செய்தியைக் கேட்டவர்போல இருந்தார்.

வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். கண்டித்தார்கள். கைப்பேசியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்கள். கேஸ் போடவில்லை. பணம் திரும்பி வரும் என்று யாரும் சொல்லவில்லை, வரவும் இல்லை. மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கும் மாதாமாதம் போகிறோம். கதவுச் சாவியை நான் வேலைக்கு எடுத்துப்போகவேண்டாம் என்று டாக்டர் சொல்ல வெகுநாள் ஆனது. அதுவரை என் அக்கா வந்து பகலில் கூட இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே, "சிம்பாங் அம்பாட் போவோமா?" என்றார். கடையில் அடிபட்ட பெண் அங்கேதான் கல்யாணமாகிப் போயிருந்தாள். மருத்துவமனையில் பார்த்ததோடு சரி, இவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் பத்திரிகை அனுப்பியும் கல்யாணத்துக்குப் போகவில்லை.

வரிசை வீடு. வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே!" என்று ஓடிவந்தாள். இவர் கண் அவளுடைய வலது கையில்தான் நின்றது. அவள் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. இடது கையால் மைலோ கலக்கிக் கொடுத்தாள். வரவேற்பறையில் ஒரு வட்ட விளக்கு, கம்பியில் வரிசையாகச் சேலைகள். பழைய வேலைக்கு அந்தக் கை ஒத்துவரவில்லை. இப்போது கைப்பேசியில் நேரலையாகச் சேலை விற்கிறாளாம்.

"ஏலம் மாதிரிதாண்ணே. இருபது வெள்ளில ஆரம்பிப்பேன். சில நாள் யாருமே கேக்க மாட்டாங்க. அப்போ என் தங்கச்சி வேற பேர்ல உள்ள வந்து விலை கேப்பா. அதப் பாத்துட்டு மத்தவங்க கேப்பாங்க," என்று சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது.

நான் இவரைப் பார்த்தேன். அவர் மைலோவைக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு நான் கன் பிடிய இழுத்த சத்தம் உனக்குக் கேட்டுச்சா மா?"

அவள் சிரிப்பு நின்றது. யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். கேட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"கண்ணாடி உடைஞ்ச சத்தம்தாண்ணே கேட்டுச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன். வேற ஒண்ணும் தெரியல."

"சரிமா," என்றார்.

"நீங்க அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

அவள் தன் வலது கையை எடுத்து அவர் முழங்கைமேல் வைத்தாள். மடங்காத இரண்டு விரலும் நீட்டியபடி நின்றன. அவர் அதை விலக்கவில்லை. தொலைக்காட்சியில் ஏதோ ஓடியது; யாரும் பார்க்கவில்லை.

திரும்பும்போது தீவுக்கு இரண்டாம் கடல்பாலத்தில் வந்தோம். நான்தான் கார் ஓட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. பினாங்கு மலை தெரியவே இல்லை. பாலம் முடிந்ததும், "அவ சொன்னது நல்லதுதான். தெரியலன்னா தெரியலதான்," என்றார். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா, கைவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. மேசைக்கடியில் இடது கை இப்போதும் சில நாள் அசைகிறது.

அடுத்த வாரம் என் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். பயந்துகொண்டே கொடுத்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவளுடைய நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கரும்பச்சையில் ஒரு சேலையை இடது தோளில் போட்டுக் காட்டினாள். யாரும் கேட்கவில்லை. இவர் என் பேரில் இருபது வெள்ளி என்று போட்டார். உடனே ஒரு பெண் பேர் வந்து இருபத்தைந்து என்றது.

"தங்கச்சி," என்றேன்.

"தெரியும்," என்றார். முப்பது போட்டார். அவள் முப்பத்தைந்து. இவர் நாற்பது. அவ்வளவு பெறாத சேலை. அந்தப் பக்கம் நின்றபிறகும் இன்னொரு ஐந்து ஏற்றிப் போட்டுவிட்டுக் கைப்பேசியை என்னிடம் கொடுத்தார்.

சேலை புதன்கிழமை வந்தது. நிறம் படத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மங்கல். ஓரத்தில் ஒரு நூல் இழுத்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து அலமாரிக்குள் வைத்தார்.